பெஞ்சை மாற்றச் சொல்லும் பெற்றோருக்கு

திருப்பூரில் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது: "அந்த இந்திக்காரப் பையன் பக்கத்துல உட்காராத கண்ணு." சிலர் அதோடு விடுவதில்லை. டீச்சரிடமே போய்ப் பெஞ்சை மாற்றச் சொல்கிறார்கள். ஏன் என்றால், நம் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடுமாம்.

யார் அந்த இந்திக்காரப் பையன்? நம் பனியன் கம்பெனிகளில் தைக்கவும் மடிக்கவும் வந்தவர்களின் பிள்ளை. ஒடிசாவிலிருந்து வந்தவன் என்றால் அவன் வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஒடியா. மொழிக்கென்று போராடி 1936-லேயே தனி மாகாணம் பெற்றவர்கள் அவர்கள். மொழிவாரி மாநிலம் நமக்கு வாய்த்தது 1956-ல்தான். ஜார்க்கண்டின் சந்தால் வீட்டுப் பிள்ளைக்குத் தாய்மொழி சந்தாலி. அதற்கென்றே ரகுநாத் முர்மு 1925-ல் 'ஓல் சிக்கி' என்ற எழுத்தை உருவாக்கினார். மொழிப்பற்றுக்குப் பேர்போன நாம், அடுத்த வீட்டுக்காரரின் மொழி எது என்றுகூடக் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே பேர் வைத்துவிட்டோம். வெட்கமாக இல்லையா?

நமக்குத் தெரியாததைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதையும் அல்லவா அடைக்கிறோம்! சித்திரை முதல் நாளில் நாம் மாங்காய்ப் பச்சடி வைக்கும்போது ஒடியா வீடுகளிலும் புத்தாண்டுதான். வில்வப்பழச் சதையைக் கரைத்துப் பானகம் போடுவார்கள். வெயில் காலத்தில் அவர்களுக்கும் பழைய சோறு உண்டு, 'பக்காளா' என்பார்கள். தீபாவளி கழிந்த ஆறாம் நாள் பீகார்க்காரர்களுக்குச் சத் பூஜை. அன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருக்கும் அம்மா, இடுப்பளவு நீரில் நின்று, சாயும் சூரியனைக் கும்பிடுவாள். மறுநாள் விடியலில் எழும் சூரியனையும் கும்பிட்ட பிறகுதான் வாயில் எதுவும் படும். நம் பொங்கலும் சூரியனுக்குத்தானே என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால் போதாதா? சாப்பிடும்போதும் கபடி ஆடும்போதும் தானாகக் காதில் ஏறுகிற பாடம் இது.

இன்னொரு கூத்து. பள்ளி விழாவில் 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று மாறுவேடப் போட்டி வைத்தால் வாடகைக்குத் தலைப்பாகை எடுத்து ஓடுகிறோம். நிஜமான ஒடியாக்காரன் மூன்றாவது பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பான். அதற்காக அவனை மேடையேற்றி "உங்க ஊர் டான்ஸ் ஆடு" என்று காட்சிப்பொருள் ஆக்கவும் வேண்டாம். அவனும் பையன்தான், அவன்பாட்டுக்கு விளையாடட்டும்.

படிப்பு பற்றிய கவலையை நான் தள்ளிவிடவில்லை. தமிழ் புரியாத பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஆசிரியருக்குச் சுமை கூடத்தான் செய்யும். அதற்குக் கூடுதல் ஆசிரியர் கேளுங்கள், மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. ஒரு குழந்தையை ஒதுக்கிவைத்தால் எந்தப் பாடம் முன்னேறிவிடும்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வரும்போது அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கம்பெனியில் லீவு தரமாட்டார்கள் என்றால், கூட்டத்தை ஷிப்டு முடிந்த பிறகு வைக்கும்படி தலைமையாசிரியரிடம் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம்.