கிருமியின்மேல் பழிபோட்டுக் கைகழுவலாமா?

ஐரோப்பியர் காலடி வைத்தபின் அமெரிக்கக் கண்டத்தின் தொல்குடிகள் பெருந்தொகையாய் மடிந்தது ஏன் என்று கேட்டால், ஆயத்தமாக ஒரு விடை கிடைக்கிறது. “கொன்றது வாளன்று, கிருமியே. பெரியம்மையும் தட்டம்மையும் கடல்கடந்து சென்றன, அம்மக்களின் உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை, மடிந்தனர். இதில் எவரைக் குறைகூறுவது?” வரலாறு வாசிப்போர் பலரும், நம்மவர் சிலரும் மனநிறைவோடு ஏற்கும் விடை இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை மறைக்க அந்த உண்மையே பயன்படுகிறது என்பதுதான் நம் முறையீடு.

உண்மையான பகுதியை நாம் மறுக்கவில்லை. கண்டங்களுக்கிடையே நோய்கள் பரவிய வரலாற்றை 1972-ஆம் ஆண்டு ஆல்பிரட் கிராஸ்பி தம் நூலில் விரிவாக எடுத்துரைத்தார். 1518-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியம்மை எஸ்பானியோலாத் தீவில் தோன்றியது. 1520-இல் மெக்சிக்கோவை அடைந்தது. அவ்வாண்டே அஸ்தெக்கு மன்னர் குயித்லாவாக் அந்நோய்க்கு இரையானார். 1521 ஆகஸ்டு 13 அன்று தலைநகர் தெனோச்தித்லான் வீழ்ந்தது.

ஆனால் ஆண்டுகளைச் சற்று ஒப்பிட்டுப் பார்ப்போம். 1511-ஆம் ஆண்டுத் திருவருகைக் கால ஞாயிறு ஒன்றில், அதே எஸ்பானியோலாத் தீவில், சாமிநாதர் சபைத் துறவி அந்தோனியோ மொந்தேசினோஸ் பிரசங்க மேடையேறினார். தம் முன் அமர்ந்திருந்த இஸ்பானியரை நோக்கி, இம்மக்கள் மனிதர் அல்லரோ என்று கேட்டார். பொன் தோண்டுவதற்காக அவர்களைப் பட்டினியிலும் ஓயா உழைப்பிலும் சாகடிக்கிறீர்களே என்று இடித்துரைத்தார். பெரியம்மை அங்கு தோன்றுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் எழுந்த குரல் இது! கிருமி வந்துசேருமுன்பே மக்கள் மடிந்துகொண்டிருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தொல்குடிகளை ஆள்கணக்கில் பங்கிட்டு இஸ்பானியரிடம் ஒப்படைத்த ‘என்கொமியெந்தா’ என்னும் ஏற்பாடே அந்தச் சாவுகளுக்கு வழிவகுத்தது.

கிருமி வந்த பின்னரும் அது தனித்துக் கொல்லவில்லை. நம் வீடுகளில் ஒருவருக்கு அம்மை கண்டால் மற்றவர் கஞ்சி காய்ச்சித் தருவர், தண்ணீர் கொடுப்பர். வீடு முழுவதும் ஒரேநேரத்தில் படுத்துவிட்டால்? பிரான்சிஸ்கன் சபைத் துறவி பெர்னார்தினோ தெ சாகுன், அம்மண்ணின் மக்கள் நாவாத்துல் மொழியில் கூறியவற்றைத் தொகுத்தார். நோயால் இறந்தோர் பலர். உணவு கொடுக்க ஆளின்றிப் பசியால் இறந்தோரும் பலர் என்று அத்தொகுப்பு சாட்சி சொல்கிறது. போரும் முற்றுகையும் வயல்களின் அழிவும் அப்பசியைப் பெருக்கின.

1524-இல் மெக்சிக்கோ சேர்ந்த பன்னிரு பிரான்சிஸ்கன் துறவியருள் ஒருவரான மொத்தோலினியா, எகிப்தின் வாதைகளைப் போல் அந்நாட்டைத் தாக்கிய பத்து வாதைகளைப் பட்டியலிட்டார். முதலாவது பெரியம்மை. மற்றவை? போர், பஞ்சம், கங்காணிகளின் கொடுமை, தாங்கவொண்ணா வரி, பொற்சுரங்கம், புதுத் தலைநகர் கட்டும் வேலை, அடிமைத்தனம் என்று நீள்கின்றன. பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்பதை மறந்தவர் நாமே.

அண்மைய ஆய்வும் இதற்கு மாறானதன்று. 1545-இல் மெக்சிக்கோவைத் தாக்கிய ‘கோகோலிஸ்த்லி’ என்னும் கொள்ளைநோயில் மாண்டோரின் பற்களை ஆராய்ந்து, குடற்காய்ச்சல் வகைக் கிருமியின் மரபணுத் தடயங்களை 2018-இல் அறிவியலார் வெளியிட்டனர். பாராட்டத்தக்க பணி. பல்லிலிருந்து கிருமியின் பெயரை அறியலாம். சிதறி வாழ்ந்த மக்களைப் புதிய ஊர்களில் நெருக்கிக் குடியமர்த்த ஆணையிட்டவர் யார் என்பதைப் பல் சொல்லாது. அதை ஏடுகள்தாம் சொல்லும்.

அவ்வேடுகளில் நம் திருச்சபையின் ஏடுகளும் உண்டு. 1769 முதல் கலிபோர்னியாவில் நிறுவப்பட்ட மறைப்பணித்தளங்களில் மணமாகாப் பெண்கள் இரவில் நெருக்கமான கூடங்களில் பூட்டிவைக்கப்பட்டனர். 1806-இல் தட்டம்மை அத்தளங்களைச் சூறையாடியது. திருமுழுக்குப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் ஒருசேரப் புரட்டினால் எந்தக் குருவின் நெஞ்சும் நடுங்கும். அக்குருக்களுள் பலர் அன்போடு உழைத்தவர்களே. ஆயினும் அவர்களின் நல்லெண்ணம் அக்கூடங்களின் கதவுகளைத் திறந்துவிடவில்லை.

“எல்லாம் இறைவனின் தண்டனை” என்று அன்று சிலர் கூறினர். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெண்மர் மற்றவரைவிடக் குற்றவாளிகளோ என்று ஆண்டவர் கேட்டதை அவர்கள் மறந்தனர். “எல்லாம் இயற்கையின் செயல்” என்று இன்று சிலர் கூறுகின்றனர். முன்னவர் கடவுளின்மேலும் பின்னவர் கிருமியின்மேலும் பழியைச் சுமத்துகின்றனர். மனிதன் இருவர் கையிலும் தப்பிவிடுகிறான். பிலாத்துவின் கையைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தவர்களின் வேலையை நாம் ஏன் செய்யவேண்டும்?

2015 ஜூலையில் பொலிவியாவில் திருத்தந்தை பிரான்சிஸ், அமெரிக்காவைக் கைப்பற்றியபோது தொல்குடிகளுக்கு இழைக்கப்பட்ட குற்றங்களுக்காகத் தாழ்மையோடு மன்னிப்புக் கேட்டார். கிருமிக்காக எவரும் மன்னிப்புக் கேட்பதில்லை. மனிதர் செய்ததற்காகவே கேட்கின்றனர். ஆகவே, மறைக்கல்வி வகுப்பிலும் மறைபரப்பு ஞாயிறன்றும் அந்நாடுகளின் வரலாற்றைச் சொல்லும்போது முழுவதையும் சொல்லுவோம். பெரியம்மையைச் சொல்லுவோம், சுரங்கத்தையும் சொல்லுவோம். மொந்தேசினோஸ் அன்று மேடையிலிருந்து கேட்ட கேள்விக்குக் கிருமி என்பது விடையாகாது.