பழைய தண்டனை சாட்சியாகுமா?

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒரு தோல் ஷாப்பில் சரக்குக் களவு போனால், போலீஸார் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்? என்றோ ஒருமுறை தண்டனை பெற்ற ஏழைத் தொழிலாளியின் கதவைத்தான். “அன்று செய்தவன் இன்றும் செய்திருப்பான்” என்பது அவர்கள் வாதம். இது நியாயமல்ல, சோம்பேறித்தனம். களவாடியவன் தப்புகிறான், தண்டனையை அனுபவித்து முடித்தவன் மறுபடியும் கம்பி எண்ணுகிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872ல் வெள்ளையன் இயற்றிய சாட்சியச் சட்டத்தின் 54வது பிரிவு, முன் தண்டனையை நேரடிச் சாட்சியமாகவே ஏற்றது. அந்த அநியாயத்தை 1891ல் வெள்ளைக்கார சர்க்காரே திருத்த நேர்ந்தது. எதிரி கெட்டவன் என்று காட்டுவது பொதுவாகச் செல்லாது. எதிரி தன்னை நல்லவன் என்று சாட்சியம் கொடுத்தால், அதற்குப் பதிலாகப் பழைய தண்டனையைக் காட்டலாம் என்றாயிற்று. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 49வது பிரிவும் இதையே சொல்கிறது.

அப்படியானால் பலமுறை திருடியவனைச் சும்மா விடுவதா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. குற்றம் ருசுவான பிறகு, சில குற்றங்களில் தண்டனையைக் கூட்டுவதற்கு முன் தண்டனை கணக்கில் வரும். ருசுவாகும் வரை அதைக் கோர்ட்டில் படித்துக் காட்டலாகாது. முதலில் ருசு, பிறகுதான் பழங்கணக்கு.

ஆனால் முன்வாசலில் அடைத்ததைப் பின்வாசலில் விடுகிறார்கள். ஜாமீன் மனு வந்தால் பழைய வழக்குப் பட்டியல் வாசிக்கப்படுகிறது. 1982ம் வருஷத்து குண்டர் சட்டத்திலோ தண்டனைகூட வேண்டியதில்லை. பழைய வழக்குகளைக் காட்டி, விசாரணையின்றி ஒரு வருஷம் வரை அடைத்து வைக்கலாம். 1871ன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே முன் தண்டனையாக்கியது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களில் 16 பேர் 1920 ஏப்ரல் 3ல் சுட்டுக் கொல்லப்பட்டனர். சட்டம் ஒழிந்தது, அந்தப் புத்தி ஒழியவில்லை.

பாலாற்றைப் பாருங்கள்! 1996 ஆகஸ்ட் 28ல் சுப்ரீம் கோர்ட், வட ஆற்காடு உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரி 30ல் அதே மாசுக்காக அதே கோர்ட் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இதற்காக எந்த முதலாளியின் பெயராவது ரவுடிப் பட்டியலில் ஏறியதுண்டா? முதலாளியையும் ருசுவில்லாமல் தண்டியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. தராசு ஒன்றாக இருக்கட்டும் என்கிறோம்.

தோழர்களே, ஒன்றை மறக்கவேண்டாம். மறியல் வழக்கிலோ சில்லறை வழக்கிலோ, ஒருநாள் கூலி போகிறதே என்று “குற்றம் ஒப்புக்கொள்கிறேன்” எனச் சொல்லி அபராதம் கட்டிவிட்டு வருகிறோம். அதுவும் தண்டனைதான், நாளை அதுவே நம்மைத் துரத்தும். வக்கீலைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1987ம் வருஷத்துச் சட்டப்பணிகள் சட்டப்படி ஆலைத் தொழிலாளிகளுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், பெண்களுக்கும், காவலில் இருப்போருக்கும் இலவச வக்கீல் உண்டு. அது பிச்சையல்ல, உரிமை. சங்கத்தின் மூலம் கேட்டு வாங்குங்கள்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இதுதான்: பழைய பட்டியலை மூடிவிட்டு, இன்றைய வழக்கை இன்றைய சாட்சியால் நிரூபியுங்கள். முடியாவிட்டால் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்புங்கள்!