கொல்லையில் ஒரு கோட்டை

காளஹஸ்தி கோயில் கருவறையில் எரியும் விளக்குகளில் ஒன்று சதா ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே ஜன்னல் கிடையாது. பக்கத்து விளக்குகள் அசையாமல் நிற்கும்போது அது மட்டும் படபடக்கும். பஞ்சபூதத் தலங்களில் இது வாயுவுக்கு உரியது என்பதற்கு அங்கே காட்டப்படும் அத்தாட்சி அந்த விளக்குதான். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் சொல்ல வந்தது, அந்தக் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், என் சித்தப்பா மகன் வீட்டுக் கொல்லையில், சென்ற மே மாதம் வாயு பகவான் நடத்திக் காட்டியதைப் பற்றி.

தம்பியின் பேத்திக்கு ஐந்தாவது பிறந்த நாள். ஒரு வாரம் முன்பே போன் வந்தது. "அண்ணா, திருப்பதியிலிருந்து ஜம்பிங் பலூன் வரவழைக்கிறேன். 15க்கு 15 அடி. நம்ம கொல்லையை டேப் வெச்சு அளந்துட்டேன். 20க்கு 18. கச்சிதமா உட்காரும்."

தம்பி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் அளந்தால் அங்குலம் பிசகாது. பிசகியது வேறு இடத்தில்.

பொருட்காட்சிகளிலும் கோயில் திருவிழாக்களிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். காற்றடைத்த பெரிய மெத்தை, சுற்றிலும் சுவர், மூலைக்கு ஒரு கோபுரம், முகப்பில் யானை அல்லது எலி. குழந்தைகள் உள்ளே குதித்துக்கொண்டே இருப்பார்கள். 1958ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜான் ஸ்கர்லாக் என்ற எஞ்சினியர் செய்தது. டென்னிஸ் மைதானத்தை மூட அவர் தயாரித்த காற்றுப் பையின் மேல் வேலையாட்கள் ஏறிக் குதித்து விளையாடியதைப் பார்த்து வந்த யோசனை என்கிறார்கள். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பிறந்த நாள் என்றால் கேக்கோடு இதுவும் வந்தாக வேண்டும். யோசனையைக் கொடுத்தவன் தம்பியின் பெங்களூர் மகன்தான். "எல்லார் வீட்லயும் வைக்கிறாங்க பெரியப்பா" என்றான். எல்லார் வீட்டிலும் என்ற வார்த்தைக்குப் பிறகு நம் குடும்பங்களில் விவாதம் கிடையாது.

நான் கேட்ட முதல் கேள்வி உயரம். யாரும் யோசிக்கவில்லை. 15 அடிக் கோட்டை என்றால் கோபுர உச்சி 12, 13 அடியைத் தொடும். தம்பி வீட்டுக் கொல்லையில் வேப்பங்கிளை ஒன்று பத்தடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டலாம். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்சார ஒயர் கொல்லையின் ஒரு மூலையைக் கடந்து போகிறதே, அதை என்ன செய்வது? கோட்டையை இரண்டடி தள்ளிப் போடுவதாக முடிவாயிற்று. தள்ளியதில் மதில் சுவருக்கும் கோட்டைக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம்தான் மிச்சம். நியாயமாகச் சுற்றிலும் ஆறடியாவது வெறும் இடம் வேண்டும். குழந்தை வெளியே சரிந்தால் விழுவது கிணற்றடிச் சிமெண்டிலும் துவைக்கிற கல்லிலும் அல்லவா? ஆக, 20க்கு 18 கொல்லைக்குப் பொருந்துவது ஆறடிக் கோட்டை, மிஞ்சிப் போனால் எட்டுக்கு ஆறு. இந்தக் கணக்கைப் போனிலேயே போட்டிருக்கலாம். போடவில்லை.

பிறந்த நாளன்று மாலை 4 மணிக்கு மினி லாரியில் இரண்டு பையன்கள் வந்தார்கள். சுருட்டிய கோட்டையை உருட்டி இறக்கினார்கள். நூறு கிலோவுக்குக் குறையாது. ப்ளோயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் பத்து நிமிஷத்தில் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை.

இதைக் கார் டயர் போல ஒரு முறை காற்றடித்து மூடி விடுவதாக நினைக்கிறவர்கள் அதிகம். அப்படியில்லை. தையல்கள் வழியே காற்று கசிந்துகொண்டே இருக்கும். ப்ளோயர் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரணமாக ஒன்று, ஒன்றரை குதிரைச் சக்தி மோட்டார். கரெண்ட் போனால் ஓரிரு நிமிஷத்தில் சுவர்கள் உள்ளே மடியும். குழந்தைகள் அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். நம் ஊர் மின்சாரத்தை நம்பி இதை வாடகைக்கு எடுப்பவர்கள் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டே தீர வேண்டும். அது இல்லையென்றால் வாசலிலேயே நிற்கும் ஒரு பெரியவர் வேண்டும். செல்போன் பார்க்காத பெரியவர். பையன்களிடம் ஜெனரேட்டர் இல்லை. பெரியவராக நான் இருந்தேன்.

நின்ற இடத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். கோட்டையின் அடியில் தரையோடு கட்டுவதற்கு எட்டு வளையங்கள். மண் தரை இருந்த பக்கத்தில் மூன்று முளைகள் அடித்திருந்தார்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். பின்பக்கம் சிமெண்ட் தரை, முளை இறங்காது. அதனால் கிணற்றுத் தூணில் இரண்டு கயிறு. ஒன்று பப்பாளி மரத்தில். மீதி இரண்டு வளையங்கள் சும்மா கிடந்தன.

பப்பாளி மரத்தில் கோட்டை கட்டலாமா என்று கேட்டேன். பெரிய பையன் சிரித்தான். "ஏம் காது சார், ரோஜூ சேஸ்துன்னாம்." ஒன்றும் ஆகாது, தினமும் செய்கிறோம். இந்த 'ஏம் காது'வுக்கு எல்லா இந்திய மொழிகளிலும் சமமான சொல் உண்டு.

ஒன்றும் ஆகாதா? ஒரு சின்னக் கணக்கு. 15 அடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள சுவர் என்பது கப்பலின் பாய் மாதிரி. மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்துக்கு நேரே அடித்தால் அதன் மேல் விழும் தள்ளு விசை நூறு கிலோவைத் தாண்டும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஐரோப்பிய நாடுகளின் விதிமுறையில் அந்த 38தான் எல்லை. அதற்கு மேல் காற்றடித்தால் காலி செய்து இறக்கிவிட வேண்டும். குறைந்தது ஆறு இடத்தில் கட்ட வேண்டும், ஒவ்வொரு கட்டும் சுமார் 160 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். முளை ஒன்றேகால் அடி நீள இரும்பாக இருக்க வேண்டும். சிமெண்ட் தரையானால் எடை வைக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி ஒரு வளையத்துக்கு மூன்று நான்கு மணல் மூட்டைகள். மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் மூட்டைகளை எண்ணிவிட்டு, கைப்பிடிச் சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஒரு முறை எட்டிப் பார்க்கட்டும்.

காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். தூசியும் காகிதமும் பறந்தால் உஷாராக வேண்டும். சிறு மரங்கள் மொத்தமாக ஆட ஆரம்பித்தால் குழந்தைகளை இறக்கிவிட வேண்டும்.

இதெல்லாம் மிகையான பயம் என்று தோன்றினால் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2016 மார்ச்சில் இங்கிலாந்தின் ஹார்லோ நகரத்துப் பூங்காவில் காற்றில் பிய்த்துக்கொண்டு உருண்டு போன கோட்டைக்குள் ஏழு வயதுச் சிறுமி இருந்தாள். பிழைக்கவில்லை. வானிலை எச்சரிக்கையைக் கவனிக்காமல், சரியாகக் கட்டாமல் விட்டதற்காக அதை நடத்திய இருவருக்கு 2018ல் தலா மூன்றாண்டு சிறை கிடைத்தது.

மற்றது இன்னும் கொடியது. 2021 டிசம்பர் 16. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், டெவன்போர்ட் ஊர் ஆரம்பப் பள்ளி. ஆண்டு இறுதிக் கொண்டாட்டம். புயல் கிடையாது, மழை கிடையாது. திடீரென்று ஒரு சுழல்காற்று மைதானத்தில் கிளம்பிக் கோட்டையைக் குழந்தைகளோடு தூக்கியது. ஆறு குழந்தைகள் இறந்தார்கள். எட்டு வளையங்களில் நான்கில்தான் முளை அடித்திருந்தது என்று வழக்கு நடந்தது. 2025ல் நீதிமன்றம் நடத்துநரை விடுவித்தது. அப்படி ஒரு சுழல்காற்றை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. எட்டு முளை அடித்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது உண்மை. முளை அடிக்காதது குற்றம். ஆனால் எல்லாவற்றையும் அடித்தாலும் போதாத நேரம் ஒன்று உண்டு. அது எந்த நேரம்? அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக வானிலை ஆய்வாளர்கள் 2022ல் வெளியிட்ட கணக்குப்படி, 2000ம் ஆண்டிலிருந்து உலகெங்கும் காற்று தூக்கிய விபத்துகளில் குறைந்தது 28 பேர் இறந்திருக்கிறார்கள். காயம் பட்டவர்கள் 479. அவற்றில் பல, வானம் தெளிவாக இருந்த நாட்களில் வந்த சுழல்காற்றின் வேலை. வெயிலில் தரை காய்ந்து, சூடான காற்று குபுகுபுவென்று மேலே எழும்போது அது சுழல ஆரம்பிக்கிறது. வானிலை அறிக்கையில் வராது. மே மாதம், காய்ந்த ஆற்று மணல், மத்தியானம் சாயும் நேரம். காளஹஸ்தியில் பொன்முகலிக் கரைக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்வர்ணமுகி என்று இப்போது சொல்கிறார்கள். கோடையில் அதில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம்.

குழந்தைகள் 5 மணிக்கு வருவதாக இருந்தது. பேத்தி மட்டும் 4.30க்கே புதுப் பாவாடையோடு வந்து, "பெரிய தாத்தா, ஒரே ஒரு தடவை" என்று கையைப் பிடித்து இழுத்தாள். மீதி வளையங்களைக் கட்டும் வரை யாரும் ஏறக் கூடாது என்றேன். பெங்களூர்க்காரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தம்பி தர்மசங்கடமாகச் சிரித்தான். பையன்கள் அரைமனதாக இன்னொரு கயிறு தேடப் போனார்கள்.

அப்போதுதான் அது வந்தது. முதலில் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேல் செம்மண் நிறத்தில் ஒரு தூண் தெரிந்தது, தென்னை உயரம். சருகுகளும் பாலிதீன் பைகளும் அதில் சுற்றிக்கொண்டிருந்தன. மதிலைத் தாண்டி வந்து கொல்லையைக் கடந்து போக எத்தனை விநாடி ஆகியிருக்கும்? பத்துகூட இருக்காது. கோட்டையின் பின்பக்கம் மேலே எழுந்தது. பப்பாளி மரம் வேரோடு வந்தது. கிணற்றுத் தூணில் கட்டிய கயிறு ஒன்று வெடித்தது. மூன்று முளைகளில் இரண்டு மண்ணிலிருந்து உருவிக்கொண்டன. கோட்டை ஒரு பக்கமாகக் கவிழ்ந்து துணிக்கொடியை அறுத்துத் துளசி மாடத்தின் மேல் சாய்ந்தது. ப்ளோயர் குழாய் கழன்று, பெருமூச்சு விட்டபடி சுருங்க ஆரம்பித்தது.

உள்ளே யாரும் இல்லை. பேத்தி என் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன்கள் 'ஏம் காது' சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி, காற்றைப் பற்றி ஏதும் பேசாமல், 2010ஐப் பற்றிப் பேசினான். அந்த வருஷம் மே 26ம் தேதி காளஹஸ்தி ராஜகோபுரம் சரிந்தது. 1516ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. விரிசலைப் பார்த்து முன்பே ஆட்களை விலக்கியிருந்ததால் மனித உயிருக்குச் சேதமில்லை. புதுக் கோபுரத்துக்கு 2017ல் குடமுழுக்கு நடந்தது. "அன்னிக்கும் கீழே கடை வெச்சிருந்தவங்களை விலகச் சொன்னப்ப திட்டினாங்க அண்ணா" என்றான். பெங்களூர்க்காரன் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னான்.

வாடகை முழுவதையும் கொடுத்தோம். கொடுக்காமல் சண்டை போடலாம் என்றார்கள்; பையன்கள் தினக்கூலிகள், எனக்கு மனமில்லை. முதலாளியிடம் போனில் பேசினேன். நல்ல மனிதர், பதறிப் போனார். பத்தடியில், கோபுரம் இல்லாத, தாழ்வான மெத்தை ஒன்று தன்னிடம் இருக்கிறது, ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு அதுதான் ஏற்றது, வாடகையும் பாதிதான் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"கொல்லை 20க்கு 18ன்னுதானே சார் சொன்னாங்க. தரை சிமெண்டுன்னு யாரும் சொல்லலையே. எத்தனை குழந்தை, என்ன வயசுன்னும் சொல்லலை."

அதுவும் நியாயமான பதில்தான். வயதைக் கேட்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. காற்று அபூர்வமாகத்தான் தூக்குகிறது. தினசரி நடப்பது குழந்தையின் மேல் குழந்தை விழுந்து கை முறிவது. அமெரிக்காவில் 2010ல் ஒரு நாளைக்குச் சராசரியாக 30 குழந்தைகளுக்கு மேல் இந்தக் கோட்டைகளிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனதாக ஒரு மருத்துவ ஆய்வு சொன்னது. பன்னிரண்டு வயதுப் பையனையும் நான்கு வயதுக் குழந்தையையும் ஒன்றாக ஏற்றினால் அடி விழுவது யாருக்கு என்று சொல்ல வேண்டாம். பெரியவர்களுக்குத் தனி முறை, சின்னவர்களுக்குத் தனி முறை என்று பிரித்துவிட வேண்டும். தலைகீழ்க் குட்டிக்கரணம் கூடாது. செருப்பு, கண்ணாடி, குத்தும் நகை வெளியே. மே வெயிலில் அந்த ரெக்ஸின் துணி தோசைக்கல்லாகக் காயும் என்பதால் ஏற்றும் முன் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூரியன் மறைந்து தரை ஆறிய பிறகு வைத்துக்கொள்வது இரண்டு விதத்தில் நல்லது.

அன்று 5 மணிக்குக் குழந்தைகள் வந்தார்கள். காற்றுப் போன கோட்டையைப் பையன்கள் இன்னும் சுருட்டி முடிக்கவில்லை. தரையில் விரிந்து கிடந்த எலி முகத்தின் மேல் பதினான்கு குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். ஏழரை மணி வரை அதை யாராலும் சுருட்ட முடியவில்லை.

மறுநாள் தம்பி வீட்டில் பப்பாளிக்காய்க் கூட்டு. அடுத்த நாளும் அதுவேதான்.