குழந்தையின் காலை வளைத்தது யார்?



ஓடி விளையாட வேண்டிய வயதில் ஒரு குழந்தை முட்டிகள் இரண்டும் உரச, பாதங்கள் விலகித் தள்ளாடி நடக்கிறது. சிரித்தால் பல்லெல்லாம் சுண்ணாம்புத் திட்டும் பழுப்புக் கோடும். "பெற்றவர்கள் செய்த பாவம்" என்கிறது ஊர். "எந்தக் கிரகணத்தில் சூல் கொண்டாளோ" என்கிறாள் கிழவி. பெற்றவள் தலைகுனிகிறாள்.

அவள் ஏன் தலைகுனிய வேண்டும்? குற்றவாளி குடத்துக்குள் இருக்கிறான். அவன் பெயர் புளோரைடு. பாறையிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் கலப்பவன். நிறமில்லை, மணமில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல் கறைபடும். அளவு மிக ஏறினால் எலும்பில் படியும். வளரும் பிள்ளையின் கால் கோணும். வளர்ந்தவனின் முதுகு விறைக்கும். பாலும் சத்துணவும் காணாத ஏழை வீட்டுப் பிள்ளையைத்தான் இது கடுமையாகத் தாக்கும். கோணிய எலும்பை நிமிர்த்த மாத்திரை கிடையாது. நல்ல தண்ணீர் ஒன்றே தடுப்பு.

இது நேற்றுத் தெரிந்த சேதியா? 1937-இலேயே, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருப்பதைக் கிண்டி கிங் நிலைய ஆய்வாளர்கள் எழுதி வைத்தார்கள். 1973-இல், நல்கொண்டா வட்டாரத்துப் பிள்ளைகளின் முட்டிக்காலைப் பற்றி ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் எழுதினார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுப் புளோரைடைக் குறைக்கும் வழியை நாகபுரி ஆய்வுக்கூடம் கண்டது. அதற்கு 'நல்கொண்டா முறை' என்றே பெயர். முறைக்கு ஊரின் பெயர் கிடைத்தது. ஊருக்குத் தண்ணீர் கிடைத்ததா? அதே மாவட்டத்து எல்லையில் நாகார்ஜுனசாகர் அணை ததும்பி நின்றது. ஊரார் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்தார்கள். 1996 நாடாளுமன்றத் தேர்தலில் நல்கொண்டாவில் 480 பேர் வேட்பாளர்களாக நின்று, நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்தார்கள். வீட்டுக்கு வீடு ஆற்றுநீர் தரும் பகீரதா திட்டம் தொடங்கியது 2016-இல்!

தெலங்கானா கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? நம்மில் பலர் விட்டு வந்த தருமபுரி, கிருஷ்ணகிரியின் கதையும் இதுதான். காவிரி ஒகேனக்கல்லில் கொட்டுகிறது. பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குப் பல் கறுக்கிறது. குடிநீருக்காக 1.4 டி.எம்.சி. எடுக்க மத்திய அரசு 1998-இல் இசைந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டியதும் இரு மாநிலத்திலும் மொழிச்சண்டை மூட்டினார்கள். கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று தமிழக அரசு திட்டத்தை நிறுத்தி வைத்தது. திறப்பு விழா 2013-இல். 1998-இல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 15! தேர்தல் முடியட்டும் என்று அந்தக் குழந்தையின் எலும்பு காத்திருந்ததா? இதற்கு எந்த முதலமைச்சர் பதில் சொல்வார்?

ஊரை விட்டு வந்தோம், தண்ணீரை விட்டு வந்தோமா? கோலார், சிக்கபள்ளாபூர் பக்கமும் நிலத்தடி நீரில் புளோரைடு உண்டு. பெங்களூரைச் சுற்றி மாடி மேல் மாடி எழுப்பும் நாம், கொட்டகையில் குடிப்பது எந்தப் போர்த் தண்ணீர்? சோதித்தது யார்? நாம் கட்டிய வீட்டில் குடியேறுகிறவனுக்கு ஆர்.ஓ. எந்திரம், கட்டியவன் பிள்ளைக்குப் பிளாஸ்டிக் டிரம்! கேட்டால், "காய்ச்சிக் குடியுங்கள்" என்கிறார் மேஸ்திரி. காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு சாகாது. நீர் சுண்டச் சுண்ட அது இன்னும் செறியும். துணியில் வடிகட்டினாலும் போகாது.

கட்டிடத் தொழிலாளருக்கு நல்ல குடிநீர் தருவது முதலாளியின் கடமை. அந்த இடத்தில் 'குடிநீர்' என்று பெரும்பாலோர் அறிந்த மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்று 1996-லேயே சட்டம் எழுதினார்கள். எத்தனை இடத்தில் அந்தப் பலகையைப் பார்த்தீர்கள்?

ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல. ஒவ்வொரு கொட்டகை, ஒவ்வொரு குடியிருப்பின் தண்ணீரையும் அரசு சோதிக்கட்டும். முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி ஒட்டட்டும். அளவு மிகுந்தால் அன்றே மாற்றுத் தண்ணீர் வரட்டும். பள்ளிகளில் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கட்டும்.

இதைத் தனியாகக் கேட்டால் வேலை போகும். கன்னடத் தோழரையும் ராய்ச்சூர்த் தோழரையும் பீகார்த் தோழரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்; அவர்கள் பிள்ளைகளும் அதே டிரம்மில்தான் குடிக்கிறார்கள். தாய்மார்களே, அடுத்த முறை யாராவது "பாவம்" என்று சொன்னால், "யார் செய்த பாவம்?" என்று திருப்பிக் கேளுங்கள்!