கண்ணீர்ப் பைக்குச் சொட்டு மருந்து தீர்வல்ல

கச்சான் அடிக்கத் தொடங்கினால் மன்னார்த் தீவில் மணல் பறக்கும். கண் கலங்காதவர் இல்லை. அதனால்தான் பேசாலையிலோ தலைமன்னாரிலோ ஒரு பெண் மாதக்கணக்கில் ஒரு கண்ணை மட்டும் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாலும், வீட்டார் பழியைக் காற்றின் மேல் போட்டுவிடுகிறார்கள். காற்றென்றால் இரண்டு கண்ணும் அல்லவா கலங்கவேண்டும்? ஒரு கண் ஓயாமல் வடிந்து, காலையில் பூளை கட்டி, மூக்கோரத்து உள்மூலையை அழுத்தும்போது சீழ் வந்தால், அது பெரும்பாலும் கண்ணீர்ப் பையில் நாட்பட்ட தொற்று. நாற்பது வயது தாண்டிய பெண்களையே இது அதிகம் பிடிக்கிறது. கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் எலும்புக் குழாய் அவர்களுக்கு ஒடுக்கமானது.

"கண்ணுக்கு விடுற மருந்து ஒண்டு தாங்கோ" என்று பாமசியில் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு கிழமை சீழ் குறையும், பிறகு திரும்பும். அடுத்த முறை வேறு போத்தல்.

கட்டுக்கரைக்குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாய்க்கால் அடைபட்டால் தேங்கிய நீரில் பாசி பிடிக்கும். பாசிக்கு மருந்து தெளித்துக்கொண்டே இருப்பதா, அடைப்பை எடுப்பதா? கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குப் புதுவழி திறக்கும் சத்திரசிகிச்சையை இத்தாலிய வைத்தியர் டோட்டி 1904இலேயே எழுதிவைத்தார். இன்று அது பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் தருகிறது. பச்சைக் குழந்தைகளின் கதை வேறு. அவர்களுக்குப் பையின் மேல் விரலால் அழுத்தி நீவிவிட்டாலே பெரும்பாலும் ஒரு வயதுக்குள் அடைப்புத் திறந்துவிடும்.

அதற்காகக் கிருமியை மறந்துவிட முடியாது. அந்தப் பையில் ஸ்டெபிலோகொக்கஸ் இருக்கலாம், நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகொக்கஸ் இருக்கலாம், சூடோமோனாஸும் இருக்கலாம். நாம் சாதாரணமாக வாங்கும் குளோரம்பெனிகோல் துளிக்குச் சூடோமோனாஸ் இயல்பிலேயே மசியாது. மெதிசிலினை எதிர்க்கும் ஸ்டெபிலோகொக்கஸுக்குப் பெனிசிலின் வகை மருந்துகளில் மிகப் பெரும்பாலானவை வேலைசெய்யா. பார்வைக்கு எல்லாச் சீழும் ஒன்றுபோலத்தான். எது எதற்குப் பணியும் என்பதை ஆய்வுகூடம்தான் சொல்லவேண்டும். சீழிலுள்ள கிருமியை வளர்த்து, மருந்து தோய்ந்த சிறு வட்டுகளை அதன்மேல் வைத்துப் பார்க்க இரண்டு மூன்று நாள் போதும். துளி விடுவதற்கு முன்பே சீழை எடுக்கவேண்டும் என்பதே முக்கியம்.

கடலுக்கு அப்பால் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையினர் இதைச் செய்து 2008இல் வெளியிட்டார்கள். நாட்பட்ட தொற்றில் தோலில் வாழும் சாதுவான ஸ்டெபிலோகொக்கஸ் வகையும், திடீரென வீங்கும் தொற்றில் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸும் முன்னே நின்றன. ஆனால் திருநெல்வேலியின் பட்டியலை வைத்து எருக்கலம்பிட்டிக்கு மருந்து எழுத முடியாது. எந்த ஊரில் எந்த மருந்து அதிகம் புழங்குகிறதோ, அந்த ஊர்க் கிருமி அதற்குப் பழகிவிடும். மன்னாருக்கு மன்னாரின் பட்டியலே வேண்டும்.

இதை அழகுப் பிரச்சினையென்று ஒதுக்குவோருக்கு ஒரு வார்த்தை. முருங்கனில் சூடடிக்கையில் நெல் உமியோ, கரையில் வலை உதறும்போது மணலோ கருவிழியைக் கீறினால், பக்கத்துப் பையில் காத்திருக்கும் நியூமோகொக்கஸ் அந்தக் கீறலைப் புண்ணாக்கிப் பார்வையையே கொண்டுபோகும். கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு முன் பையைச் சோதிப்பதும் இந்த அச்சத்தினால்தான்.

ஆகவே சுகாதாரத் திணைக்களத்திடம் நாம் கேட்பது இது: மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வடியும் கண்ணோடு வருபவருக்கு முதல் நாளிலேயே குழாயில் நீர் செலுத்திப் பார்க்கவேண்டும், சீழ் இருந்தால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும், சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்துக் கையில் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு முடிவையும் ஒரே பதிவேட்டில் எழுதி, ஆண்டுக்கொரு முறை மாவட்டத்து வைத்தியர்கள் எல்லோருக்கும் அனுப்பவேண்டும். யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ அனுப்பத்தான் வேண்டுமென்றால், அந்தப் பெண் விடியற்காலை பஸ் ஏறுமுன் அவளுடைய ஆய்வுகூட அறிக்கை அங்கே போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்.