ஒரே தூரம், வேறு தொகை

நிதி திரட்ட ஆறு வயசுப் பிள்ளைகளை நடக்கவிடுகிறார்கள். கையில் ஓர் அட்டை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் எழுதி வாங்கி வரணும். பிள்ளைக்கு ஈகை பழகுமாம்.

பாகூரில் நாற்று நடப்போகிறவரின் மகளும் வில்லியனூரில் அரசு ஊழியரின் மகனும் நடப்பது ஒரே தூரம்தான். அட்டையில் சேரும் தொகை ஒன்றாகுமா? அப்பாவுக்கு யார் யாரைத் தெரியும் என்பதைத்தான் அது காட்டும். பழகுவது ஈகை இல்லை, தன் வீட்டின் இடம் எது என்பது.

புதுச்சேரியில் 1930இலேயே, பிரெஞ்சு ஆட்சியில், பள்ளி மதிய உணவு வந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்த பிள்ளையிடம் ‘அப்பா யார்’ என்று கேட்காததுதான் அதன் அறம். அட்டை அதைக் கேட்கிறது.

டெர்ரி ஃபாக்ஸ் ஓடவில்லையா என்பார்கள். 1980இல் புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்காகச் செயற்கைக் காலோடு கனடாவில் ஓடத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. முடிவு அவருடையது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘நான் வரல டீச்சர்’ என்று சொல்லிவிட முடியுமா?

நல்ல காரியத்துக்குப் பணம் வேணுமா? பெரியவங்க நாம நடப்போம், நாமே கேட்போம். பிள்ளைகள் பாகூர் ஏரிக்கரையில் நடக்கட்டும், பறவை பார்க்க, வெறுங்கையோடு.