அரைப்பு ஒன்று, கறி பல

நாகர்கோவில் வடசேரியில் இருக்கும் சித்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் மகன் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம் எழுதித் தருவது அவன் தொழில்.

முதலில் ஒரு ஜவுளிக் கடைக்கு எழுதினானாம். மருந்துக் கடைக்காரர் கேட்டதும் அதையே நகலெடுத்துக் காலாவதித் தேதியைச் சேர்த்தான். பாத்திரக் கடைக்கு இன்னொரு நகல், அதில் எடை. இப்படியே பதினொரு கடைகள்! 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்ததல்லவா? பதினொன்றிலும் தனித்தனியே வரிக் கணக்கை மாற்றவேண்டி வந்தது. பத்தில் மாற்றினான், பாத்திரக் கடையை மறந்தான். பாவம், அந்த மனிதர் சில நாட்கள் பழைய வரியிலேயே பில் போட்டு, வித்தியாசத்தைக் கைப்பணத்திலிருந்து கட்டினார். பல வருஷச் சிநேகம் அத்தோடு போயிற்று.

"ஏ மக்கா, நான் அவியலுக்கும் துவரனுக்கும் தேங்காயைத் தனித்தனியாவா துருவுகேன்?" என்றாள் சித்தி.

டேவிட் பார்னாஸ் என்ற அறிஞர் 1976-ல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். புரோகிராம்களை ஒரு குடும்பமாக நினைத்து, பொதுவானதை முதலில் ஆராய்ந்து, அப்புறம் வேற்றுமைகளைப் பாருங்கள் என்றார். 1990-ல் அமெரிக்காவில் கியோ காங்கும் அவர் சகாக்களும் அதை ஒரு மரம்போல வரைந்து காட்டினார்கள். அவியலையே எடுத்துக்கொள்ளுங்களேன். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் கட்டாயம். முருங்கைக்காய் அவரவர் இஷ்டம். புளிப்புக்குத் தயிரோ மாங்காயோ, இரண்டில் ஒன்று. தீயல் என்றால் தேங்காயை வறுத்தே ஆகவேண்டும். வறுத்ததோ அவியலுக்கு ஆகாது. இந்த நிபந்தனைகளையும் அந்த மரத்தில் குறித்து வைக்கிறார்கள்.

இஷ்டங்களை அதிகமாக்குவதும் ஆபத்துத்தான். 'வேண்டும், வேண்டாம்' என்று பத்து இருந்தால் 1,024 விதமான புரோகிராம் பிறக்கும். அத்தனையையும் ருசி பார்ப்பது யார்?

பையன் அன்றே பொது அரைப்பைத் தனியாகப் பிரிக்க ஆரம்பித்தான். 2025 செப்டம்பர் 22-ல் வரி விகிதங்கள் மறுபடி மாறியபோது, எட்டுக் கடைகளுக்கு ஒரே இடத்தில் திருத்திவிட்டுக் காப்பி குடிக்க வந்துவிட்டானாம். பழைய நகலிலேயே இருந்த இரண்டு கடைகளுக்கு மட்டும் இரவு இரண்டு மணி ஆயிற்று.

பாத்திரக் கடைக்காரர் இப்போது வேறு ஆளிடம் போய்விட்டார். அந்தத் தெருவில் போகும்போது சித்தி குடையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொள்கிறாள்.